வாசகர் கேள்வி – பதில்: அமிலத்தில் மூழ்கியும் அழியாத பற்றீரியா

பற்சூத்தை பற்றி வந்த கடிதங்களில் நான்கினை இவ்விதழுக்கு எடுத்துக்கொண்டோம். முதலாவது கேள்விக்கான விடை நீண்டுவிட்டது. ஏனைய மூன்றுக்குமான விடைகள் அதிலிருந்தே கிளைப்பதால் அதைச் சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: நான் உயர்தரத்தில் உயிரியல் பயில்பவள். ஒவ்வொரு நொதியமும் குறித்ததொரு பி.எச். வீச்சினுள் மட்டுமே செவ்வனே தொழிற்படும் எனக் கற்றிருக்கிறோம். அப்படியாயின், பல்லையே கரைக்கும் அமிலத்தை உண்டாக்கும் பற்றீரியா, அதே அமிலத்தில் மூழ்கியிருந்தும் தன் நொதியங்களை இழக்காமல் எவ்வாறு வாழ்கிறது?
— மாணவி, சாவகச்சேரி

பதில்: பற்சூத்தை பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அமிலம் எங்கிருந்து வருகிறது என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த அமிலத்தை உண்டாக்கியவருக்கு என்ன நேர்கிறது என்று கேட்பவர் குறைவு. நோயின் திறவுகோல் உங்கள் கேள்வியில்தான் இருக்கிறது.

சீனி கிடைத்தால் அமிலம் உண்டாக்கும் பற்றீரியாக்கள் எல்லோருடைய வாயிலும் பல இனங்களாக உள்ளன. அவற்றுட் பல, தாம் உண்டாக்கிய அமிலத்தாலேயே சோர்ந்து விரைவில் தொழிலை நிறுத்திவிடுகின்றன. அவற்றால் பல்லுக்குப் பெருந்தீங்கு இல்லை. தீங்கு செய்பவை, அமிலம் ஏறிய பின்னரும் வேலையை விடாதவை. அவற்றுள் அதிகம் ஆராயப்பட்டது ஸ்ரெப்ரோகொக்கசு மியூட்டன்சு. வாயிலுள்ள பற்றீரியாக்கள் மாப்பொருளையும் சீனியையும் நொதிக்கச் செய்து அமிலமாக்குவதாலேயே பல் கரைகிறது என்பதை பேர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் டபிள்யூ. டி. மில்லர் 1890 இல் நூலாகவே எழுதியிருந்தார். எனினும், சூத்தைப் பல்லிலிருந்து இந்த இனத்தைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டவர் இலண்டனைச் சேர்ந்த கிளார்க், ஆண்டு 1924. நுணுக்குக்காட்டியில் அது வழக்கமான உருண்டை வடிவில் தோன்றாமல் நீள்வட்டமாகத் தோன்றியதால், வேறோர் இனம் விகாரமடைந்து உருவானதென எண்ணி மியூட்டன்சு என்றார். அந்த எண்ணம் தவறு; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இனி எண்களைப் பார்ப்போம். பி.எச். என்பது அமிலத்தன்மையின் அளவீடு; 7 நடுநிலை, அதிலிருந்து இறங்க இறங்க அமிலம் கூடும். ஓய்வு நிலையில் பற்களின் மேலுள்ள பற்றீரியாப் படலம் ஏறத்தாழ 7 என்ற பி.எச். பெறுமானத்தில் இருக்கும். அது 5.5 அளவுக்கு இறங்கும்போது, அதாவது ஐதரசன் அயன்களின் செறிவு ஏறத்தாழ 30 மடங்காகும்போது, பல்லின் வெளிப்புறக் கவசமான மிளிரியிலிருந்து கல்சியமும் பொசுபேற்றும் கரையத் தொடங்குகின்றன. மிளிரிக்குக் கீழுள்ள பன்முதலும் வேர்ப்பகுதியும் இதைவிட மென்மையானவை. 6 ஐத் தாண்டிய பெறுமானத்திலேயே அவை கரைய ஆரம்பிக்கும். மியூட்டன்சோ 5 ஐ அண்மித்தவுடன் பெருகுவதை மட்டுமே நிறுத்துகிறது. சீனியை உடைத்து இலற்றிக் அமிலம் ஆக்கும் வேலையை அதற்கும் கீழே, 4.4 அளவு வரை, அது தொடர்ந்து செய்யவல்லது. பல் கரையத் தொடங்கும் எல்லைக்கும் இந்தப் பற்றீரியா ஓயும் எல்லைக்கும் இடையிலுள்ள அந்தத் தூரத்திலேயே நோய் நிகழ்கிறது.

நொதியங்களைப் பற்றி நீங்கள் கற்றது பிழையன்று. மியூட்டன்சின் சீனி உடைக்கும் நொதியங்களும் அமிலத்தை விரும்புவனவல்ல. ஆகவே அது தன் கலத்தினுள்ளே வெளியிலிருக்கும் அமிலத்தன்மை புகாமல் காத்துக்கொள்கிறது. கலத்தின் சக்தி நிலையமான இழைமணியின் உள்மென்சவ்வில், கலத்தின் சக்தி நாணயமான ஏ.ரி.பி.யை ஆக்கும் நொதியத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். புரோத்தன்கள், அதாவது ஐதரசன் அயன்கள், அதனூடாகப் பாயும்போது அந்த ஓட்டத்தின் சக்தியால் ஏ.ரி.பி. உருவாகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த நொதியமொன்று மியூட்டன்சின் கலமென்சவ்விலும் உண்டு. ஆனால் சுவாசச் சங்கிலி இல்லாத இந்தப் பற்றீரியாவில் அது எதிர்த்திசையில் இயங்குகிறது. நொதித்தலால் அரிதாகச் சேர்த்த ஏ.ரி.பி.யைச் செலவழித்து, உள்ளே புகுந்த புரோத்தன்களை வெளியே தள்ளுகிறது. ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து நொதித்தலில் நிகரமாக இரண்டே ஏ.ரி.பி.தான் கிடைக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய செலவென்பது புரியும். ஓட்டை வள்ளத்தில் கடலுக்குப் போனவர் ஒரு கையால் நீரை இறைத்துக்கொண்டே மறுகையால் வலையை இழுப்பது போன்ற பிழைப்பு அது. இந்த இறைப்பினால் கலத்தின் உட்புறம் வெளிப்புறத்தைவிட அரை தொடக்கம் ஓர் அலகு வரை உயர்ந்த பி.எச். பெறுமானத்தில் நிற்கிறது. ஓரலகு என்பது பத்து மடங்கு வேறுபாடாகையால் அது சிறிய இலாபமன்று.

இந்தப் பம்பி பிற பற்றீரியாக்களிலும் உண்டு. வேறுபாடு அது எந்தச் சூழலில் நன்கு ஓடுகிறது என்பதிலேயே. பல்லுக்குத் தீங்கற்ற ஸ்ரெப்ரோகொக்கசு சங்குவிசின் பம்பி நடுநிலைக்கு அருகில் சிறப்பாகத் தொழிற்படும். மியூட்டன்சினுடையது 6 அளவில் சிறக்கும். ஏற்கெனவே விழுந்த குழியினுள் குடியேறும் இலக்ரோபசிலசு வகையொன்றினுடையது 5 அளவிற்கூடச் சிறப்பாக ஓடும். இதனுடன் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: மிதமான அமிலத்தைச் சிறிது நேரம் சந்தித்த மியூட்டன்சு பம்பிகளை மேலும் ஆக்கிக்கொள்கிறது. அதன்பின், முன்னனுபவமில்லாத கலங்களைக் கொன்றுவிடக்கூடிய கடும் அமிலத்தையும் அது தாக்குப்பிடிக்கிறது.

பம்பி மட்டும் இருந்து பயனில்லை. இறைத்த நீர் திரும்ப ஒழுகாதிருக்க வள்ளத்தின் பலகையும் இறுக வேண்டும். அமிலம் ஏறும்போது மியூட்டன்சு தன் மென்சவ்விலுள்ள கொழுப்பமிலங்களை மாற்றியமைக்கிறது. நீளம் கூடிய, ஓர் இரட்டைப் பிணைப்புக் கொண்ட நிரம்பாத கொழுப்பமிலங்களின் பங்கு உயர்கிறது. இதற்கு வேண்டிய இரட்டைப் பிணைப்பை அமைத்துக் கொடுப்பது ஃபாப்-எம் எனப்படும் ஒரு நொதியம். அந்நொதியத்தின் பரம்பரையலகை நீக்கிய கலங்கள் அமிலத்தில் எளிதில் மடிகின்றன. எலிகளின் வாயில் அவற்றைக் குடியேற்றிச் சீனியுணவு கொடுத்துப் பார்த்தபோது அவை உண்டாக்கிய சூத்தையும் குறைவாக இருந்தது. என்னைப் பொறுத்தவரை இத்துறையின் மிக முக்கியமான முடிவுகளுள் இது ஒன்று. அமிலம் உண்டாக்கும் நொதியம் எதையும் எவரும் தொடவில்லை. அமிலத்தைத் தாங்கும் நொதியமொன்றைப் பறித்தவுடனேயே பற்றீரியாவின் நோய்விளைக்கும் ஆற்றல் தளர்ந்துவிட்டது.

வேறு சில நொதியங்கள் உள்ளிருக்கும் அமிலத்தை நேரடியாகத் தணிக்கின்றன. அக்மத்தீன் என்ற சேர்வையை உடைத்து அமோனியாவையும் சிறிது ஏ.ரி.பி.யையும் பெறுவது ஒரு வழி. மற்றொரு வழி எமது ஊருக்குப் பொருத்தமானது: முந்திரிகைப் பழத்தில் (திராட்சையில்) உள்ள மலிக் அமிலத்தை இலற்றிக் அமிலமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றும்போது ஒரு புரோத்தன் செலவாகிறது. வைன் செய்வோர் புளிப்பைக் குறைக்கப் பயன்படுத்தும் அதே தாக்கத்தை இப்பற்றீரியா தன் உயிர்காப்புக்குப் பயன்படுத்துகிறது. இவற்றையும் மீறி உள்ளே புகும் அமிலம் டி.என்.ஏ.யிலிருந்து மூலங்களைக் கழற்றிவிடும், புரதங்களின் மடிப்பைக் குலைத்துவிடும். அவற்றைச் செப்பனிடும் நொதியங்களும், குலைந்த புரதங்களைத் திரும்ப மடிக்க உதவும் புரதங்களும் அந்நேரத்தில் மிகுதியாக உருவாகின்றன.

கடைசியாக, இந்த அமிலத்தை ஓரிடத்திற் கட்டிவைக்கும் நொதியத்தைச் சொல்லாவிட்டால் விடை முழுமையாகாது. நாம் உண்ணும் சீனி, வேதியியலில் சுக்குரோசு. குளுக்கோசும் புரற்றோசும் இணைந்த அதன் பிணைப்பை உடைத்து, குளுக்கோசை மட்டும் சங்கிலியாகக் கோத்து, நீரிற் கரையாத பசையொன்றை ஆக்கும் நொதியங்களை மியூட்டன்சு தன் கலத்துக்கு வெளியே விடுகிறது. குளுக்கோசையோ மாப்பொருளையோ கொடுத்தால் இப்பசை உருவாகாது, சுக்குரோசே வேண்டும். பசை படிந்த இடத்தினுள் உமிழ்நீரின் இருகாபனேற்றுகள் விரைவாகப் புகுந்து அமிலத்தை நடுநிலையாக்க இயலாது. இதனால் வாயெங்கும் நடுநிலையாக இருக்கும்போதும், இரு பற்களுக்கிடையேயுள்ள ஒரு சிறு புள்ளி மட்டும் மணிக்கணக்கில் அமிலமாகவே இருக்கலாம்.

இத்தனையும் சேரும்போது நிகழ்வது ஒரு தெரிவு. அமிலம் அடிக்கடி ஏறும் வாயில் சங்குவிசு போன்றவை மெலிகின்றன. அவையே ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து அமோனியா வெளியிட்டுப் படலத்தை நடுநிலைக்குக் கொண்டுவந்தவை. அவை குறைந்தவுடன் அமிலம் இன்னும் நீடிக்கிறது, அமிலத்தைத் தாங்குபவை இன்னும் பெருகுகின்றன. பற்சூத்தை என்பது கொலராவைப்போல வெளியிலிருந்து ஒரு கிருமி வந்து தாக்கும் நோயன்று, வாயில் ஏற்கெனவே வாழும் சமூகத்தின் சமநிலை குலைவதே என்று பிரித்தானிய நுண்ணுயிரியலாளர் பிலிப் மார்ஷ் 1990களில் முன்வைத்த கருத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். மியூட்டன்சு மிகக் குறைவாக உள்ள வாய்களிலும் சூத்தை காணப்படுவதையும், அது நிறைந்தும் சூத்தையற்ற வாய்கள் இருப்பதையும் வேறு எந்த விதமாகவும் விளக்குவது கடினம்.

பின்னர் நிகழும் ஒன்றையும் உங்கள் ஆர்வத்துக்காகச் சேர்க்கிறேன். கனிப்பொருள் கரைந்த பின் பன்முதலில் எஞ்சுவது கொலாஜன் நார்கள். அவற்றை அரிப்பதில் பற்றீரியாவின் நொதியங்களுக்கு மட்டுமன்றி, பன்முதலினுள் உறங்கிக் கிடந்து அமிலத்தாற் தூண்டப்படும் எமது சொந்த நொதியங்களுக்கும் பங்குண்டு.

கேள்வி: எமது வீட்டில் தேநீருக்குச் சீனி சேர்ப்பதில்லை. குட்டானிலிருந்து எடுத்த பனங்கட்டியைக் கடித்துக்கொண்டே குடிப்போம். ஒரு நாளில் நாலைந்து தடவைகள் ஆகும். பனங்கட்டி இயற்கையானது, ஆகையால் பல்லுக்குக் கெடுதல் செய்யாது என்று நான் சொல்ல, பல் மருத்துவரான மருமகன் மறுக்கிறார். யார் சொல்வது சரி?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பருத்தித்துறை

பதில்: மருமகன் சொல்வதே சரி, ஐயா. பனையின் பாளையிலிருந்து வடியும் சாற்றின் இனிப்புக்குக் காரணம் சுக்குரோசு. அதைக் காய்ச்சி இறுக்கிய பனங்கட்டியின் பெரும்பகுதியும் சுக்குரோசே. அதிலுள்ள சிறிதளவு கனியுப்புகள் உடலுக்கு நல்லனவாக இருக்கலாம். பல்லின்மேல் அமர்ந்திருக்கும் மியூட்டன்சின் நொதியங்களுக்கு வெள்ளைச் சீனியும் பனங்கட்டியும் ஒன்றுதான்.

ஆனாலும் பனை எமக்கு இங்கே வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது. புளிக்காத இனிப்புச் சாறான கருப்பணி இறக்குவதற்கு முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததன்று. சுண்ணாம்பு தடவாத முட்டியில் அதே சாறு சில மணி நேரத்துக்குள் புளித்துக் கள்ளாகிவிடும். மதுவமும் இலற்றிக் அமிலப் பற்றீரியாக்களும் அங்கே வேலை செய்கின்றன. சுண்ணாம்பின் காரம் அவற்றின் நொதியங்களை இயங்கவிடாது தடுத்துவிடுகிறது. தங்களுடைய வாய் சுண்ணாம்பு தடவாத முட்டி. அங்கே சுண்ணாம்பின் இடத்தில் இருப்பது உமிழ்நீர் ஒன்றே. அதற்குத் தன் வேலையைச் செய்து முடிக்க நேரம் வேண்டும்.

எவ்வளவு நேரம் என்பதை 1940களில் ரொபேட் ஸ்ரெபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அளந்து காட்டினார். குளுக்கோசுக் கரைசலால் வாயைக் கொப்பளித்த சில நிமிடங்களுக்குள்ளேயே பற்படலத்தின் பி.எச். செங்குத்தாக இறங்கியது, பழைய நிலைக்கு ஏற அரை மணி தொடக்கம் ஒரு மணி நேரம் வரை எடுத்தது. கொப்பளித்துத் துப்பிய கரைசலுக்கே இவ்வாறாயின், கொடுப்பில் அடக்கி மெல்ல மெல்லக் கரைக்கும் பனங்கட்டித் துண்டுக்கு இதனிலும் கூடுதலாகும். நாலைந்து தேநீருக்கு நாலைந்து தடவைகள் அந்த இறக்கம் நிகழ்கிறது. ஒவ்வொரு தடவையும், முதற்கேள்விக்கான விடையிற் சொன்னபடி, அமிலம் தாங்காதவை மெலிந்து அமிலம் தாங்குபவை வலுப்பெறுகின்றன.

சீனியின் அளவைவிட அது வாயில் எத்தனை தடவை, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதே முக்கியம் என்பதற்குச் சுவீடனின் விப்பெகோல்ம் மருத்துவமனையில் 1940களின் பிற்பகுதியில் நடந்த ஆய்வைச் சான்றாகக் காட்டுவார்கள். உணவுடன் சீனி உண்டவர்களைவிட, உணவு வேளைகளுக்கிடையே ஒட்டும் தன்மையுள்ள ரொபி உண்டவர்களுக்கே சூத்தை பெருமளவில் கூடியது. மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளை அவர்களது சம்மதமின்றிப் பயன்படுத்திய அந்த ஆய்வை நினைக்கும்போது கூச்சமே மிஞ்சுகிறது. முடிவு உண்மையானது, பெற்ற வழி ஏற்கத்தக்கதன்று.

பனங்கட்டியைக் கைவிடுமாறு நான் சொல்லமாட்டேன். மதிய உணவோடு சேர்த்தோ, ஒரேயொரு தேநீரோடோ உண்டு முடித்துவிடுங்கள். ஏனைய தேநீர்களை வெறுமனே குடிக்கப் பழகுவது இரண்டு கிழமைச் சங்கடம் மட்டுமே.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது. இரவில் சீனி கலந்த பால்மாப் போத்தலை வாயில் வைத்தபடியே உறங்குவான். மேல் முன்பற்கள் முரசோரத்தில் வெண்மையாகி, இப்போது கபில நிறமாகின்றன. பாற்பல் விழுந்து முளைப்பதுதானே, விட்டுவிடலாம் என்கிறார் மாமியார்.
— தாய், கோண்டாவில்

பதில்: விட்டுவிட வேண்டாம். உறக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைவாகவே சுரக்கும், விழுங்குவதும் குறையும். சீனிப்பால் முன்பற்களைச் சூழ்ந்து தேங்கிநிற்க, அமிலம் இரவு முழுவதும் தணியாதிருக்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பதால் பெரும்பாலும் அவை தப்பிவிடுகின்றன; அதனால்தான் மேற்பற்கள் முதலிற் கெடுகின்றன. முரசோரத்து வெண்மை, மேற்பரப்பு உடையுமுன் கனிப்பொருள் கரைந்துவிட்டதற்கான அடையாளம். அந்நிலையில் அதை மீட்க இயலும்; கபில நிறமாகிக் குழி விழுந்த பின்னர் மருத்துவரின் கை வேண்டும். ஆகவே பிள்ளையை இந்தக் கிழமையே பற்சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். பாற்பல்லிற் சீழ் பிடித்தால் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் நிலையான பல்லும் பாதிக்கப்படலாம் என்பதை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

போத்தலில் முதலிற் சீனியை நிறுத்துங்கள். பின்பு பாலுக்குப் பதிலாக வெறும் நீரைக் கொடுங்கள். பின்னர் போத்தலையே நிறுத்துங்கள். இரவில் கடைசியாகப் பால் குடித்த பின் அரிசியளவு புளோரைட்டுப் பற்பசை தடவிய சிறு தூரிகையால் நீங்களே பல் துலக்கிவிட வேண்டும். இன்னொன்று: மியூட்டன்சு பெரும்பாலும் தாயிடமிருந்தோ வளர்ப்போரிடமிருந்தோ உமிழ்நீர் வழியாகவே பிள்ளையை அடைகிறது. நீங்கள் சுவைத்துப் பார்த்த கரண்டியால் ஊட்டுவதைத் தவிர்ப்பது நல்லது; அதைவிட நல்லது, உங்களுக்குச் சூத்தைப் பல் இருந்தால் அதற்குச் சிகிச்சை பெற்றுக்கொள்வது.

கேள்வி: இந்த நொதியங்களை முடக்கும் மருந்தோ தடுப்பூசியோ இன்னும் வரவில்லையா? “ஆலும் வேலும் பல்லுக்குறுதி” என்ற முன்னோர் வாக்கின்படி குச்சியாலும் உமிக்கரியாலும் துலக்கினால் போதாதா?
— வாசகர், வேலணை

பதில்: நொதியத்தை முடக்கும் பொருளொன்று ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கக்கூடும்: பற்பசையிலுள்ள புளோரைட்டு. அதன் முதன்மையான வேலை, கரைந்த கனிப்பொருள் மீண்டும் மிளிரியிற் படிய உதவுவதும், படிந்ததை அமிலத்துக்கு எளிதில் மசியாததாக்குவதுமே. இரண்டாவது வேலை பற்றீரியாவினுள் நடைபெறுகிறது. படலம் அமிலமாகும்போது புளோரைட்டின் ஒரு பகுதி ஐதரசனுடன் சேர்ந்து மென்சவ்வை எளிதிற் கடந்துவிடும். உள்ளே சென்றதும் அது பிரிந்து புரோத்தனை அங்கே இறக்கிவிடுகிறது. தனித்த புளோரைட்டு, சீனி உடைக்கும் பாதையிலுள்ள ஈனோலேசு என்ற நொதியத்தையும் புரோத்தன் பம்பியையும் தடுக்கிறது. ஈனோலேசின் விளைபொருளைக் கொண்டே இப்பற்றீரியா சீனியை உள்ளே இழுப்பதால், உடைப்பதும் குறைகிறது, உள்ளெடுப்பதும் குறைகிறது. அமிலம் கூடக் கூடப் புளோரைட்டு உள்ளே புகுவதும் கூடுகிறது என்பதால், பற்றீரியாவின் பலமே இங்கு அதன் பலவீனமாகிறது. மில்லியனில் 1000 தொடக்கம் 1500 பங்கு வரை புளோரைட்டு உள்ள பற்பசை பெரியவர்களுக்கு ஏற்றது. கூடினால் நன்மையும் கூடும் என எண்ண வேண்டாம். அனுராதபுரம் போன்ற பகுதிகளில் நிலத்தடி நீரிலுள்ள மிகையான புளோரைட்டினால் பிள்ளைகளின் பற்களிற் கறை படிவதைக் காணலாம்.

தீங்கற்ற பற்றீரியாக்களுக்கு உணவாக ஆர்ஜினின் சேர்த்த பற்பசைகளும் உள்ளன. அமோனியா உண்டாக்குபவர்களுக்குச் சோறு போடும் இந்த அணுகுமுறை எனக்குப் பிடித்தமானது. தடுப்பூசி பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டும் பயன்பாட்டுக்கு வரவில்லை. இலற்றிக் அமிலம் ஆக்கும் நொதியத்தை நீக்கி, அதற்குப் பதிலாக மதுசாரம் ஆக்கும் வகையில் மாற்றிய மியூட்டன்சு ஒன்றை அமெரிக்காவில் ஆக்கினார்கள். பனை இல்லாமலே வாய்க்குள் கள்ளிறக்கும் அந்தப் பற்றீரியா, பல் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை.

குச்சியை நன்றாக மென்று நாராக்கித் துலக்கினால் படலத்தை அகற்றும் வேலை ஓரளவு நடக்கும். முன்னோர் வாக்குப் பொய்யன்று. ஆனால் அவர்களது நாளில் விசுக்கோத்தும் சோடாவும் இவ்வளவு இல்லை. உமிக்கரி பல்லைத் தேய்த்துவிடும், அதைத் தவிருங்கள். காலையிற் குச்சியால் துலக்குவது உங்கள் விருப்பம். இரவில் உறங்குமுன் புளோரைட்டுப் பற்பசையால் துலக்குங்கள். துலக்கிய பின் நீர்விட்டுப் பலமுறை கொப்பளிக்காமல் நுரையைத் துப்பிவிட்டால் போதும்; கொப்பளித்தால் புளோரைட்டு அந்த நீரோடு போய்விடும்.